பொழுதுக்கும் அசதிங்க! ஓயாத சோர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லடத்துப் பக்கம் ஒரு சின்ன கிளினிக் வைத்திருக்கிறேன். சுற்றிலும் விசைத்தறி, பனியன் கம்பெனி, கோழிப்பண்ணை, தென்னந்தோப்பு. திங்கட்கிழமை காலையில் கூட்டம் கொஞ்சம் அதிகம். ஞாயிறு முழுக்கப் படுத்திருந்தும் அலுப்பு தீராதவர்கள் அன்றைக்குத்தான் வருவார்கள். "காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணுமில்லீங்க டாக்டர், ஆனா பொழுதுக்கும் அசதியாவே இருக்குதுங்க" என்று ஆரம்பிப்பார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருபது காரணங்கள் இருக்கலாம். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அசதின்னா எல்லாம் ஒண்ணுதானே? அதுல என்ன வகை?

ஒன்றல்ல. முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். அசதி என்ற ஒரே சொல்லை நாம் நான்கு விதமான தொந்தரவுக்குப் பயன்படுத்துகிறோம்.

உட்கார்ந்தால் கண் சொக்குகிறது, பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிடுகிறீர்கள் என்றால் அது தூக்கக் கலக்கம். தூக்கம் போதவில்லை, அல்லது தூங்குகிற தூக்கம் சரியில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, சற்று நின்றால் சரியாகிறது என்றால் இரத்தசோகை, இதயம், நுரையீரல் பக்கம் பார்க்க வேண்டும். தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை, கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை என்றால் அது தசையின் பலவீனம். நான்காவது, உடம்பில் தெம்பு இருந்தும் எதிலும் கை வைக்க மனம் வராதது.

நான் ஒரு கேள்வி கேட்பேன். "அக்கா, நாளைக்கு உங்களுக்கு லீவு. அம்மா ஊர்ல நோம்பி, கார் அனுப்பறாங்க. போகணும்னு தோணுதா?" சிலர், "ஆசையாத்தானுங்க இருக்குது, ஆனா போனா ஆகாதுங்க" என்பார்கள். அவர்களுக்கு உடம்பில் காரணம் தேடுவேன். "போயி என்னங்க ஆகப்போகுது" என்பவர்களுக்கு மனதையும் சேர்த்துப் பார்ப்பேன். இந்தக் கேள்வி மட்டும் போதாது, ஆனால் எங்கே தொடங்குவது என்று காட்டிவிடும்.

எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம்?

கல்யாண வேலை, அறுவடை, ஷிப்மென்ட் நெருக்கடி என்று காரணம் தெரிந்த அலுப்பு ஓரிரு வாரத்தில் போய்விடும். ஓய்வெடுத்தும் மூன்று நான்கு வாரம் நீடித்தால் வாருங்கள்.

சிலவற்றுக்கு நாள் கணக்கே வேண்டாம். முயற்சி செய்யாமல் உடம்பு இளைப்பது, சாயங்காலக் காய்ச்சல், இரவு வியர்வை, தார் மாதிரி கறுப்பு மலம், கழுத்திலோ அக்குளிலோ கட்டி என்றால் அந்த வாரமே வர வேண்டும். நெஞ்சை அடைப்பது, சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறுவது, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்ற எண்ணம் ஆகியவற்றுக்கு அன்றைக்கே. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் சேர்ந்திருந்தால் சளிப் பரிசோதனை கட்டாயம். பெருந்துறையில் இன்றைக்கும் சானடோரியம் என்று சொல்கிற இடம், ஒரு காலத்தில் காசநோய்க்காரர்களை மாதக்கணக்கில் வைத்துப் பார்த்த இடம். இப்போது அப்படிப் போய்த் தங்க வேண்டியதில்லை. அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம், வீட்டிலிருந்தே சாப்பிடலாம்.

ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திட்டாத் தெம்பு வந்துருமுங்களே?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே எனக்கு அசதி வந்துவிடும். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். வழக்கமாக ஏற்றும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில் அரை லிட்டர். அதில் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது, அதாவது ஐந்து டீஸ்பூன். பேக்கரியில் ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் போடுகிறார் என்றால், இரண்டரை டீயில் உள்ள சர்க்கரையைத்தான் ஊசி வழியாக ஒரு மணி நேரம் படுத்து ஏற்றிக்கொள்கிறீர்கள். மஞ்சள் நிறத்துக்காகச் சேர்க்கும் பி காம்ப்ளக்ஸில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும்.

பிறகு ஏன் தெம்பாக இருந்தது? ஒரு மணி நேரம் ஃபேனுக்கு அடியில் யாரும் தொந்தரவு செய்யாமல் படுத்திருந்தீர்கள். வீட்டில் அது என்றைக்காவது நடந்திருக்கிறதா? வெயிலில் வேலை செய்து நீர் வற்றியிருந்தாலும் பாட்டில் உதவியிருக்கும். அதற்குப் பொள்ளாச்சி இளநீர் இரண்டே போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இளநீரையும் டாக்டரைக் கேட்டுக் குடிக்க வேண்டும், அதில் பொட்டாசியம் அதிகம். வாந்தி பேதி, டெங்கு, எதையும் விழுங்க முடியாத நிலை இவற்றுக்கு பாட்டில் உயிர் காக்கும் மருந்து. மாசத்துக்கொரு தரம் தெம்புக்காக ஏற்றிக்கொள்கிறவருக்கோ சோர்வின் காரணம் உள்ளேயே வளர்ந்துகொண்டிருக்கும். அந்தப் பாட்டிலைப் பற்றி எனக்குள்ள பெரிய குறை அதுதான்.

இரத்தம் கம்மின்னாங்க. ஹீமோகுளோபின் 11 இருக்குது, அது போதாதுங்களா?

கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால் இரத்தசோகை. ஆணுக்கு 13, கர்ப்பிணிக்கு 11. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பாதிக்கு மேல். அதனால்தான் அது நோயாகவே கண்ணில் படுவதில்லை. "எங்கம்மாளும் இப்படித்தானுங்க இருந்தா" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

இரும்புச்சத்தை வரவு செலவுக் கணக்காகப் பாருங்கள். சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வது சுமார் 1 முதல் 2 மில்லிகிராம். தோல், குடல் வழியாகத் தினமும் 1 மில்லிகிராம் போகும். மாதவிலக்கில் 80 மில்லி இரத்தம் போனால் அதோடு 40 மில்லிகிராம் இரும்பு போகிறது. வருமானம் எவ்வளவு சிறியது, செலவு எவ்வளவு பெரியது என்று நீங்களே பாருங்கள். ஒரு மணி இரண்டு மணிக்கொரு தரம் நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது, கட்டி கட்டியாகப் போகிறது, ஏழு நாளுக்கு மேல் நிற்கவில்லை என்றால் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். பல பெண்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள். கேட்டால், "எல்லாருக்கும் அப்படித்தானுங்களே" என்பார்கள்.

இன்னொன்று, ஹீமோகுளோபின் 12.5 இருந்தும் சோர்வு இருக்கலாம். ஃபெர்ரிட்டின் என்று ஒரு பரிசோதனை உண்டு. உடம்பின் இருப்பில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று அது சொல்லும். கையில் இருக்கிற காசு ஹீமோகுளோபின், வங்கியில் இருக்கிற இருப்பு ஃபெர்ரிட்டின். அது 15க்குக் கீழே என்றால் இருப்பு தீர்ந்துவிட்டது. 30க்குக் கீழே இருந்து சோர்வும் இருந்தால் நான் மாத்திரை கொடுத்துப் பார்ப்பேன். காய்ச்சலோ வேறு வீக்கமோ இருக்கும்போது ஃபெர்ரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், அப்போது எடுத்துப் பயனில்லை.

பீட்ரூட் ஜூஸ், பேரீச்சம்பழம் சாப்பிட்டாச் சரியாகாதுங்களா?

பீட்ரூட்டின் சிவப்புக்கும் இரத்தத்தின் சிவப்புக்கும் சம்பந்தமில்லை. நம் பக்கத்துக் கம்பு, கொள்ளு, கீரை எல்லாம் நல்லவைதான். ஆனால் செடியில் இருக்கிற இரும்பு லேசில் உடம்பில் சேராது. கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் கொஞ்சம் கூடும். ஈரல், ஆட்டுக்கறியில் இருப்பது நன்றாகச் சேரும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். அதில் உள்ள டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இருப்பு தீர்ந்தவருக்குச் சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும்.

வயிற்றைப் புரட்டினால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாம், அப்போதும் நன்றாகவே சேரும். இந்த மாத்திரை சாப்பிடும்போது மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். முக்கியமான விஷயம், ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடக் கூடாது. அதற்குப் பிறகும் மூன்று மாதம் சாப்பிட்டால்தான் இருப்பு நிரம்பும். எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான்.

ஆம்பளைக்கும் இரத்தம் கம்மியாகுமா?

ஆகும். ஆகிவிட்டால், ஏன் என்று கண்டுபிடிக்காமல் விடவே கூடாது. ஆணுக்கும், மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும் இரும்புச்சத்து குறைந்தால், குடலில் எங்கோ இரத்தம் கசிகிறதா என்று பார்த்தாக வேண்டும். புண்ணாக இருக்கலாம், மூலமாக இருக்கலாம், சில நேரம் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

சில வருடம் முன்பு ஒரு டெய்லர் அண்ணன் வந்தார். ஓவர்லாக் மெஷினில் ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 7.8. "இடுப்பு வலிக்கு ஏதாச்சும் சாப்பிடறீங்களாண்ணா?" என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். தெருமுனை மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை. ஒரு வருடமாகத் தினமும் இரண்டு, அதுவும் காலையில் டீயோடு, வெறும் வயிற்றில். எண்டோஸ்கோப்பி பார்த்ததில் இரைப்பையில் புண். சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. அவருக்கு வயிற்றுவலி ஒரு நாள்கூட வந்ததில்லை. சொன்னது அசதி மட்டும்தான்.

புண் ஆறியது, இரும்பு ஏற்றினோம், நாற்காலியின் உயரத்தை மாற்றச் சொன்னேன். நாற்காலியை மட்டும் இன்னும் மாற்றவில்லை என்று நினைக்கிறேன்.

தைராய்டா இருக்குமோ?

இருக்கலாம். எனக்கே வந்தது, எட்டு மாதம் தெரியாமல் இருந்தேன். இரண்டாவது குழந்தை பிறந்து நான்கு மாதம் இருக்கும். மதியம் நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகும். கைக்குழந்தை வைத்திருப்பவளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாமியாரும் அதையே சொன்னார். சித்திரை மாதத்தில் ஃபேனை நிறுத்தச் சொல்லிப் போர்வை கேட்டதும் கணவர்தான், "உனக்கென்ன, ஊட்டியிலயா இருக்கற?" என்றார். மறுநாள் இரத்தம் கொடுத்தேன். தைராய்டு குறைந்தால் ஏறும் டிஎஸ்எச் 38. பிரசவமாகி ஒரு வருடத்துக்குள் தைராய்டு சுரப்பியில் வீக்கம் வந்து இப்படி ஆவது உண்டு.

குளிர் தாங்காதது, மலச்சிக்கல், முடி கொட்டுவது, தோல் வறட்சி, மாதவிலக்கு அதிகமாவது எல்லாம் சேர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். டிஎஸ்எச் வழக்கமாக 0.4 முதல் 4 வரை இருக்கும். 5, 6 என்று லேசாக ஏறியிருந்து தைராய்டு ஹார்மோனான டி4 சரியாக இருந்தால், உங்கள் சோர்வுக்கு அதுதான் காரணம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். இரண்டு மூன்று மாதம் கழித்து இன்னொரு தரம் பார்த்தால் பலருக்குத் தானாக இறங்கியிருக்கும். மாத்திரை சாப்பிடுபவர்கள் காலை எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும், அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

சர்க்கரை இருந்தா அசதி வருமா?

வரும். தாகம், அடிக்கடி சிறுநீர், இளைப்பு சேர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். மூன்று மாத சராசரி, அதாவது எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இந்த எண் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம், அதனால் எல்லையில் இருப்பவர்கள் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் பாருங்கள்.

நாங்க சுத்த சைவம். பால், தயிர் எல்லாம் உண்டு. சத்து எங்கே குறையும்?

விட்டமின் பி12இல். செடி கொடி எதிலும் அது கிடையாது. கறி, மீன், முட்டையில் உண்டு, பால் தயிரில் கொஞ்சம். ஒரு டம்ளர் மோரை நம்பியிருப்பவருக்குப் போதாது. முட்டைக்கு நாடே பேர் சொல்லும் நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனாலும் பி12 குறைவானவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். புரட்டாசியில் ஒரு மாதம் கவிச்சி விடுவதால் ஒன்றும் ஆகாது, உடம்பில் வருடக்கணக்குக்கு இருப்பு உண்டு.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுபவர்கள், அசிடிட்டிக்கு பேன்டோபிரசோல் மாதிரி மாத்திரையைக் காலை எழுந்ததும் பழக்கமாகப் போடுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இரண்டுமே பி12 சேர்வதைக் குறைக்கும். பாதத்தில் எறும்பு ஊர்வது போலிருக்கிறது, நாக்கு எரிகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். நரம்பு கெட்டுப்போனால் முழுக்கத் திரும்பாமலும் போகலாம்.

விட்டமின் டி?

வெயில் கொளுத்தும் ஊரில் இருந்தும் குறைவுதான். காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போய் இருட்டியதும் வெளியே வருபவர் மேல் வெயில் எங்கே படும்? உடம்புவலி, எலும்பு வலி, எழ முடியாத பலவீனம் இருந்தால் பார்த்து மாத்திரை கொடுக்கலாம். ஆனால் லேசான குறைவைப் பார்த்துவிட்டு, சோர்வுக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று தேடலை நிறுத்தக் கூடாது. வாரம் ஒரு முறை போட வேண்டிய 60,000 யூனிட் மாத்திரையைத் தினமும் போட்டு வாந்தியோடு வந்தவர்களும் உண்டு.

எங்க வீட்டுக்காரர் மில்லுல நைட் ஷிப்ட். பகல்ல தூங்கறாரு, ஆனாலும் அலுப்பு போகலீங்க.

பகல் தூக்கம் ராத்திரித் தூக்கத்துக்கு ஈடாகாது. உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, வெளிச்சத்தைப் பார்த்து அது நேரம் வைத்துக்கொள்ளும். காலை ஏழு மணிக்கு ஷிப்ட் முடிந்து வெயிலில் பைக் ஓட்டி வீட்டுக்கு வந்தால், "விடிஞ்சிருச்சு, எந்திரி" என்று அது சொல்லும். பிறகு படுத்தாலும் நான்கைந்து மணி நேரத்தில் விழிப்பு வந்துவிடும். அதற்குள் கேஸ் சிலிண்டர்காரர், பக்கத்துத் தறிக்குடோனின் சத்தம், பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தைகள்.

செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் பலன் உண்டு. ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் துணி. போனை அணைத்து வேறு அறையில் வைப்பது. ஷிப்டுக்குப் போகும் முன் சாயங்காலம் ஒரு மணி நேரத் தூக்கம். ஷிப்ட் மாற்றும்போது பகல், சாயங்காலம், நைட் என்று முன்னோக்கிப் போனால் உடம்பு ஓரளவு ஏற்றுக்கொள்ளும், பின்னோக்கி மாற்றினால் ரொம்பச் சிரமம். சூப்பர்வைசரிடம் கேட்டுப் பாருங்கள், கேட்பதால் நஷ்டமில்லை.

அப்புறம் டீ. நம் ஊரில் பேக்கரி இல்லாத முக்கு கிடையாது, வேலைக்கு நடுவில் ஐந்து டீ ஆறு டீ சாதாரணம். டீயில் இருக்கும் காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். பகலில் தூங்க வேண்டியவர் விடியற்காலை நான்கு மணிக்குக் குடித்த டீ, ஒன்பது மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். ஷிப்டின் முதல் பாதியோடு டீயை நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஸ்பின்னிங் மில்லில் பஞ்சுத் தூசிக்குள் வேலை செய்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வார விடுமுறை முடிந்து திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கமும் இருமலும் வந்து, அடுத்தடுத்த நாளில் குறைகிறதா? பஞ்சுத் தூசி நுரையீரலைப் பாதிக்கத் தொடங்கியதன் அடையாளம் அது. அவரிடம் இஎஸ்ஐ கார்டு இருந்தால் அங்கே காட்டி, மூச்சுப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள்.

எட்டு மணி நேரம் தூங்கியும் காலையில அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குது.

கூடப் படுப்பவரைக் கேளுங்கள், குறட்டை உண்டா என்று. குறட்டை ஓடிக்கொண்டே வந்து திடீரென்று நின்று, சில நொடி சத்தமே இல்லாமல், பிறகு மூச்சுத் திணறி மறுபடி ஆரம்பிக்கிறதா? அந்த அமைதியின்போது தொண்டை அடைத்து மூச்சு நின்றுபோகிறது. பத்து நொடிக்கு மேல் நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. ஒரு மணி நேரத்தில் ஐந்துக்கு மேல் போனால் நோய். சிலருக்கு மணிக்கு முப்பது, நாற்பது. மூளை ஒவ்வொரு தடவையும் அரைகுறையாக விழித்துக்கொள்ளும், உங்களுக்கு நினைவிருக்காது.

குண்டானவர்களுக்கு அதிகம் வரும், ஆனால் ஒல்லியான, சின்னத் தாடை உள்ளவர்களுக்கும் வரும். காலைத் தலைவலி, அடங்காத பிரஷர், பகலில் சொக்குவது எல்லாம் சேரும். வீட்டிலேயே கருவியை மாட்டித் தூங்கிப் பரிசோதிக்கலாம். சிபாப் என்ற காற்றழுத்தக் கருவியை மாட்டித் தூங்கிய சிலர், "பத்து வருசத்துக்கப்புறம் இப்பத்தானுங்க விடிஞ்சுது" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். லாரி, பஸ் ஓட்டுபவர்கள் இதை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

மனசு சரியில்லைன்னா உடம்பு அசருமா?

அசரும், நன்றாகவே அசரும். "மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வருபவர்கள் குறைவு. தலை பாரம், கை கால் ஓய்ச்சல், பசியில்லை என்றுதான் வருவார்கள். கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாள் மனம் சோர்ந்திருந்ததா, முன்பு பிடித்ததில் இப்போது பிடிப்பில்லையா என்று கேட்பேன். இரண்டுக்கும் ஆமாம் என்றால் அதற்கும் வைத்தியம் உண்டு. கடன், தறி ஓடாத மாதம், பிள்ளையின் படிப்பு என்று காரணம் இருக்கலாம். காரணம் இருப்பதால் அது நோயில்லை என்று ஆகாது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

சிக்குன்குனியா வந்து போயி மூணு மாசமாச்சு. இன்னும் நிக்க முடியலீங்க.

சிக்குன்குனியா, டெங்கு, கொரோனா, மஞ்சள் காமாலை எல்லாமே போன பிறகும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் சோர்வை விட்டுவிட்டுப் போகும். பெரும்பாலோர் மெதுவாகத் தேறிவிடுவார்கள். மெதுவாகவேனும் மாதத்துக்கு மாதம் முன்னேற்றம் தெரிந்தால் கவலை வேண்டாம். நின்ற இடத்தில் நின்றால் அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

எல்லா டெஸ்டும் நார்மல். எல்லாரும் நடிக்கறேங்கறாங்க. எனக்கு என்னதான் ஆச்சு?

நடிப்பில்லை. இதற்கென்றே ஒரு நோய் இருக்கிறது. நாட்பட்ட சோர்வு நோய் என்று சொல்லலாம், மருத்துவத்தில் எம்இ சிஎஃப்எஸ் என்பார்கள். அதை உறுதி செய்ய இரத்தப் பரிசோதனை இன்னும் வரவில்லை. அறிகுறிகளை வைத்தும், மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளியும்தான் சொல்ல வேண்டும்.

2015இல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் கொடுத்த அளவுகோல் இது. முன்பு செய்துகொண்டிருந்த வேலையைச் செய்ய முடியாத அளவு சோர்வு, ஆறு மாதத்துக்கு மேல், ஓய்வெடுத்தும் தீராமல். தூங்கியும் புத்துணர்ச்சி இல்லாமை. செய்த வேலைக்குச் சம்பந்தமே இல்லாத அளவு உடம்பு விழுந்துபோவது. இந்த மூன்றோடு, மூளை மந்தமாகிச் சொல் மறப்பது அல்லது நின்றால் தலை சுற்றிப் படுத்தால் சரியாவது, இரண்டில் ஒன்று.

மூன்றாவதுதான் அடையாளம். மற்ற சோர்வில் வேலை செய்யும்போதே களைப்பு வரும். இதில் செய்யும்போது ஓரளவு முடியும், ஒரு நாள் இரண்டு நாள் கழித்து விழும். ஒரு டீச்சர் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை துணி துவைச்சேனுங்க, நல்லாத்தான் இருந்துச்சு. செவ்வாக்கிழமை எந்திரிச்சுப் பல்லு விளக்கறதுக்குள்ள மறுபடி படுத்துக்கிட்டேன்." ஞாயிறும் செவ்வாயும் சம்பந்தப்பட்டவை என்று அவருக்கே தெரியவில்லை. அதனால்தான் வீட்டில் உள்ளவர்களுக்கும் நடிப்பாகத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை அவர் துவைத்ததை எல்லோரும் பார்த்தார்களே!

தினமும் நடந்தாச் சரியாயிருமுன்னு சொல்றாங்களே?

மனச்சோர்வுக்கும், சர்க்கரைக்கும், உட்கார்ந்தே இருந்து வரும் மந்தத்துக்கும் நடை நல்ல மருந்து. இந்த நோய்க்கு அப்படியில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொல்லும் உடற்பயிற்சி முறையை ஒரு காலத்தில் பரிந்துரைத்தார்கள். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அதை வேண்டாம் என்று எடுத்துவிட்டது.

நம் ஊர் விவசாயிக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். கோடையில் கிணறு ஊறும் அளவுக்குத்தான் மோட்டார் ஓட்டுவோம். அரை மணி ஓட்டினால் மூன்று மணி நேரம் ஊற விடுவோம். தண்ணீர் இருக்கிறதே என்று இழுத்துக்கொண்டே இருந்தால் சேறு வரும், மோட்டார் புகையும். உடம்பும் அப்படித்தான். நன்றாக இருக்கிற நாளில் முழுக் கிணற்றையும் இறைக்காமல், பாதியில் நிறுத்திவிட வேண்டும். துணி துவைப்பதை மூன்று நாளுக்குப் பிரித்துக்கொள்வது, காய் அரிவதை உட்கார்ந்து செய்வது, குளித்ததும் சமைக்காமல் இருபது நிமிடம் படுப்பது. முழுக்கக் குணமாக்கும் மாத்திரை இன்றைக்கு இல்லை. தூக்கம், வலி, நின்றால் வரும் தலைசுற்றல் இவற்றுக்குத் தனித்தனியாக மருந்து உண்டு.

மாஸ்டர் செக்கப் எடுத்துட்டா எல்லாம் தெரிஞ்சுருமில்ல?

ஆரோக்கியமான நூறு பேரில் 95 பேர் எந்த எல்லைக்குள் வருகிறார்களோ அதைத்தான் பெரும்பாலான பரிசோதனைகளில் நார்மல் என்று வைத்திருக்கிறார்கள். அப்படியானால் ஒரு நோயும் இல்லாதவருக்கு இருபது பரிசோதனை எடுத்தால், ஏதாவது ஒன்றாவது எல்லையைத் தாண்ட ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. அப்புறம் அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு கோயமுத்தூருக்கு நடக்க வேண்டியதுதான்.

நான் முதலில் எழுதுவது முழு இரத்த எண்ணிக்கை, ஃபெர்ரிட்டின், டிஎஸ்எச், சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கல்லீரல், உள்ளே வீக்கம் இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர், சிறுநீர். பி12 தேவைப்பட்டால். மற்றவை நீங்கள் சொல்வதைப் பொறுத்து. இவற்றில் பெரும்பாலானவை அரசு ஆஸ்பத்திரியிலும் எடுக்கலாம்.

டாக்டர்கிட்ட வரும்போது என்ன கொண்டு வரணும்?

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கியது, நாட்டு மருந்து, சளிக்கு வாங்கி மிச்சம் வைத்தது எல்லாம். சளி மாத்திரையும் அரிப்பு மாத்திரையும் தூக்கம் தரும். கொழுப்புக்கான மாத்திரையில் சிலருக்குத் தசைவலி வரும். கூடவே இரண்டு வாரம் குறித்த ஒரு தாள்: எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், எந்த நேரத்தில் அசதி, முந்தின இரண்டு நாளில் என்ன வேலை.

காங்கேயம் பக்கமிருந்து ஒரு அம்மா தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் பேத்தியை எழுத வைத்துக் கொண்டுவந்தார். கூடவே மஞ்சள் பையில் ஒன்பது அட்டை மாத்திரை. தாளையும் அட்டையில் எழுதியிருந்த தேதியையும் சேர்த்து வைத்துப் பார்த்ததில், பிரஷருக்குப் புதிதாக ஒரு மெட்டோபுரோலால் சேர்த்த வாரத்தில்தான் அசதி தொடங்கியிருந்தது. நாடித்துடிப்பு 48தான், அந்த மாத்திரை அதைக் குறைத்துவிட்டது. அளவைப் படிப்படியாகக் குறைத்து வேறு மாத்திரைக்கு மாற்றினோம். இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டு மெட்டோபுரோலாலை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் படபடப்பும் பிரஷரும் ஏறும், இதய நோய் உள்ளவருக்கு ஆபத்து. பையோடு வாருங்கள், பார்த்து மாற்றலாம்.